ஞாபகம் செய்வது என்று தமிழில் இல்லை

செவ்வாப்பேட்டை
4.2.2024

மதிப்பிற்குரிய பரத் அவர்களுக்கு,

சுகிர்தா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமா? தலையில் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா? ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்களா?

‘மதிப்பிற்குரிய’ என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாலி கட்டின புருஷனுக்கு இப்படி எழுதுகிற பெண்டாட்டி திருவள்ளூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு எப்படி எழுதுவது? ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கம் வந்து நின்றால் விருந்தாளியைப் பார்த்த மாதிரி எழுந்து உட்கார்ந்தீர்கள். "உக்காருங்க மேடம்" என்றீர்கள். அந்த மேடத்தை என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை.

மழையில் வண்டி சறுக்கி விழுந்ததில் உங்களுக்குக் கடைசி மூன்று வருஷம் அப்படியே போய்விட்டது. நான் அந்த மூன்று வருஷத்துக்குள்தான் இருக்கிறேன். பழகின இடத்தில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் பொதட்டூர்பேட்டைக்கு அத்தையோடு அனுப்பினேன். செல்போன் திரையைப் பார்த்தால் உங்களுக்குத் தலைவலி வருகிறது. பேசலாம் என்று கூப்பிட்டால் "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. அதனால் கடிதம். திரும்பி வாருங்கள் என்று கேட்பதற்காக எழுதவில்லை. கேட்க ஆசைதான். கேட்க மாட்டேன்.

ஒரு உதவி வேண்டும். "கைல எந்தக் காகிதம் கெடச்சாலும் பென்சில எடுத்துக்கினு திருத்திக்கினே கீறான்மா, நேத்து பால்காரன் குடுத்த நோட்டீசக் கூட உடல" என்று அத்தை போனில் சொன்னார்கள். பிரஸ்ஸில் புரூஃப் பார்த்த கை அப்படியே இருக்கிறது என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. நான் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் உளவியல் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் கட்டுரையில் ஒரு வாக்கியம்:

‘மனிதன் தன் நினைவுகளை ஞாபகம் செய்யும் ஒவ்வொரு முறையும் அவைகள் மறுபடி எழுதப்படுகின்றது.’

இதைத் திருத்தி அனுப்ப முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை. நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட், விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். படுக்கிறேன்.

இப்படிக்கு,
சுகிர்தா


பொதட்டூர்பேட்டை
18.2.2024

மதிப்பிற்குரிய சுகிர்தா அவர்களுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். தங்கள் நலம் அறிய விருப்பம். தையல் போட்ட இடம் இப்போது இழுப்பதில்லை, அரிக்கிறது. அரித்தால் ஆறுகிறது என்று அம்மா சொல்கிறார்.

தங்கள் வாக்கியத்தைப் பார்த்தேன். ‘அவை’ என்பதே பன்மை, அதற்கு மேல் ‘கள்’ வேண்டாம். அவை என்று வந்தால் ‘எழுதப்படுகின்றன’ என்று முடிய வேண்டும். இவை சின்னப் பிழைகள். பெரிய பிழை ‘ஞாபகம் செய்யும்’ என்பது. ஞாபகம் வரும். ஞாபகம் இருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஞாபகம் செய்வது என்று தமிழில் இல்லை. ஆங்கிலத்திலிருந்து யாரோ அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். இப்படி மாற்றலாம்:

‘மனிதர் ஒன்றை நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு சற்று மாறிவிடுகிறது.’

எழுதி முடித்த பிறகு, நானே இத்தனை நாளாக ஞாபகத்தைச் செய்யத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தினமும் உட்கார்கிறேன். மாலையோடு நிற்கிறவன் நான்தான். பக்கத்தில் நிற்பது நீங்கள். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஆளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

‘மேடம்’ என்றதற்கு மன்னிக்க வேண்டும். நர்ஸ் அப்படித்தான் உங்களைக் கூப்பிட்டார், நானும் பிடித்துக்கொண்டேன். முன்பு நான் உங்களை எப்படிக் கூப்பிடுவேன்? அம்மாவைக் கேட்டேன், தெரியவில்லை என்றுவிட்டார்.

தங்கள்,
பரத்


செவ்வாப்பேட்டை
3.3.2024

அன்புள்ள பரத்துக்கு,

நான் சுகம், கால் வலியைத் தவிர. புது சூப்பர்வைசர் நாற்காலியெல்லாம் எடுத்துவிட்டார். நின்றுகொண்டே பிரேக் சாமானை அளவு பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாப் பெண்களும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறோம். உங்கள் அரிப்பு நின்றதா? நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் கிடைத்தது. தேங்க்ஸ். ஒரே ஒரு கேள்வி. ‘நினைத்துப் பார்க்கும்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஏன் ‘நினைவுகூரும்’ என்று போடவில்லை? சும்மாதான் கேட்கிறேன்.

ஆல்பத்தில் இருக்கிற ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். அவருக்கு அன்றைக்கு ஷூ கடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு பாதிதான் நிஜம்.

எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். நான் சொல்லித் தந்து நீங்கள் கூப்பிட்டால் அது ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேண்டாம்.

அடுத்த வாக்கியம்: ‘பழைய நினைவுகள் வந்துக்கினு இருக்கும்போது மனம் அவைகளைத் தடுக்கப் பார்க்கின்றன.’

பக்கத்து வீட்டு ஹெலன் அக்கா தினமும் உங்களை விசாரிக்கிறார்கள். "எப்ப வர்றாரு உன் ஊட்டுக்காரரு?" என்று கேட்டால், "லீவுல போயிருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
சுகிர்தா


பொதட்டூர்பேட்டை
20.3.2024

அன்புள்ள சுகிர்தா அவர்களுக்கு,

நலம். கால் வலிக்கு வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா எழுதச் சொன்னார். நானும் காலையில் பம்புசெட் வரை நடக்க ஆரம்பித்திருக்கிறேன். வயலில் நாற்று நன்றாக வந்திருக்கிறது.

‘நினைவுகூரும்’ என்றும் போடலாம், தவறில்லை. மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவருக்கு அது பொருந்தும். வீட்டில் உட்கார்ந்து யாரும் யாரையும் நினைவுகூர்வதில்லை. நினைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாம் வாக்கியத்தில் ‘வந்துகொண்டிருக்கும்போது’, ‘அவற்றைத் தடுக்கப் பார்க்கிறது’. மனம் ஒன்றுதான், அதற்குப் பன்மை வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். புரூஃப் பார்க்கிறவனுக்கு வருகிற சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதுகிற கடிதத்தில் ஒருமை பன்மை எங்கும் பிசகவில்லை. ‘அவற்றை’ வர வேண்டிய இடத்தில் ‘அவைகளை’ வருவதில்லை. ‘வந்துக்கினு’ என்பது பேச்சில்தான் வரும், உங்கள் கடிதத்தில் வந்ததில்லை. பிழையெல்லாம் எனக்கு அனுப்புகிற அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் மட்டும் வந்து குடியேறுகிறது. எப்படி?

சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன். இந்த வீட்டில் நான் சிரித்து நாளாகிறது என்று அம்மா சொன்னார்.

அன்புடன்,
பரத்


செவ்வாப்பேட்டை
2.4.2024

அன்புள்ள பரத்துக்கு,

சுகம்தானே? உப்புத் தண்ணீரில் கால் வலி பாதி குறைந்தது. அத்தைக்குச் சொல்லுங்கள்.

பிடித்துவிட்டீர்களே. ஆமாம், வேண்டுமென்றேதான் போட்டேன். ‘அவைகள்’ தப்பு என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

கல்யாணத்துக்கு முன்னால், பி.எஸ்ஸி. படித்தபோது, பரீட்சைக் கட்டுரையை டைப் அடிக்கத் திருவள்ளூர் பிரஸ்ஸுக்கு வந்தேன். மூலையில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த வாக்கியத்த எழுதுனது யாருங்க?" என்றார். நான்தான் என்றேன். "ஞாபகத்த எப்படிங்க செய்வீங்க, அரிசி உளுந்து ஊறப்போட்டா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. நான் முதலில் உங்களுக்கு அனுப்பியது அந்த வாக்கியமேதான், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

பார்த்ததும் உங்களுக்கு ஏதாவது தட்டும் என்று நினைத்தேன். தட்டாவிட்டாலும் அதே மாதிரி திருத்தியாவது அனுப்புவீர்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு ‘நினைவுகூரும்’ என்று போட்டுத் தந்தீர்கள். இப்போது ‘நினைத்துப் பார்க்கும்’ என்று வந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது. அதற்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

அடுத்த வாக்கியம் நான் பிழை வைத்தது இல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சரிதானா பாருங்கள்: ‘விபத்துக்குப் பிறகு நோயாளி தன் மனைவியை மறந்துவிட்டார்.’

அன்புடன்,
சுகிர்தா


செவ்வாப்பேட்டை
19.5.2024

அன்புள்ள பரத்துக்கு,

நலமா? ஏப்ரலில் ஒரு கடிதம் போட்டேன். கிடைத்ததா? வெயிலில் வெளியே போகாதீர்கள், தலைக்கு ஆகாது. அத்தையைப் போனில் கேட்டால், "நல்லாத்தான் கீறான்" என்கிறார்கள், அதற்கு மேல் பேச்சை மாற்றுகிறார்கள். நான் எழுதினதில் ஏதாவது தப்பா? வாக்கியம் வேண்டாம். நலம் என்று ஒரு வரி போட்டால் போதும்.

சுகிர்தா


பொதட்டூர்பேட்டை
2.6.2024

அன்புள்ள சுகிர்தா அவர்களுக்கு,

நலம். உங்களைக் காக்க வைத்ததற்கு வருந்துகிறேன். கடிதம் கிடைத்தது. திருத்த முடியாமல்தான் வைத்திருந்தேன்.

‘மறந்துவிட்டார்’ என்றால் மறந்தவர் அந்த நோயாளி. பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவனைப் போல, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். ‘அவருக்கு மறந்துபோயிற்று’ என்றால் யார் மேலும் குற்றமில்லை. பெயர் மறந்துபோகும், முகம் மறந்துபோகும், வழி மறந்துபோகும். ‘மனைவி மறந்துபோயிற்று’ என்று எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. பொருளுக்குச் சரியாக வருகிற சொல் ஆளுக்கு வர மாட்டேன் என்கிறது. வாக்கியத்தைப் பல விதமாகத் திருப்பிப் போட்டுவிட்டேன். எப்படிப் போட்டாலும் குற்றவாளி நான்தான்.

சுப்பிரமணி மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. "டேய் பரத்து, அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசாவுது? ஒனக்கு ஞாபகம் வர்ற வரிக்கும் அது காத்துக்கினே கெடக்கணுமா? வராமலே பூட்டா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. திருத்தணியில் அவருக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறாராம், இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சுலபம் என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தேன். இத்தனை மாதம் கழிந்தபின் இனி வருவது கஷ்டம் என்றார். பிரஸ்ஸில் உட்கார்ந்து உங்களைச் சீண்டியவன் நல்ல ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவன் எனக்குத் தெரியாதவன். அவனுக்காக நீங்கள் விளக்கேற்றி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்களை விடுவிப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

கால் வலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரத்


செவ்வாப்பேட்டை
6.6.2024

பரத்துக்கு,

நான் சுகமாக இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, கம்பெனியில் நல்ல சாமானுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துத் திட்டு வாங்கினேன்.

விடுவிப்பதாம். நான் என்ன ஜெயிலிலா இருக்கிறேன்? யார் கேட்டது உங்களை? மாமாவுக்கு என் வயசின் மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் என்னிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள், பதில் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று ராத்திரி பகலாக ஜெபம் பண்ணினேன். உண்மைதான். ஈஸ்டருக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். வந்தால் வரட்டும். வராவிட்டால் அந்த மூன்று வருஷத்தையும் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பழைய பரத்தான் வேண்டும் என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? எடுத்துப் பாருங்கள். இந்தக் கடிதம் எழுதுகிற ஆளையும் எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னதைவிட இவருக்கு மரியாதை கொஞ்சம் அதிகம், தலைக்கனம் கொஞ்சம் கம்மி.

இனிமேல் ‘உங்களுக்காக’ என்று எழுதாதீர்கள். வேண்டாம் என்றால் ‘நீ எனக்கு வேண்டாம்’ என்று எழுதுங்கள். புரூஃப் பார்க்கிறவர்தானே, ஒளிக்காமல் எழுதத் தெரியாதா? அப்படி எழுதிவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடைசியாக ஒரு வாக்கியம் அனுப்புகிறேன். புத்தகத்தில் எடுத்தது இல்லை, வேண்டுமென்று பிழை வைத்ததும் இல்லை.

‘எனக்கு உங்கள் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு என் ஞாபகம் இல்லை.’

இதில் பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். சரியாகத்தான் இருக்கிறது என்றால் மாமாவை வக்கீலிடம் போகச் சொல்லுங்கள்.

சுகிர்தா


பொதட்டூர்பேட்டை
30.6.2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா? கோபம் இறங்கியதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த முறையும் தாமதம். வாக்கியம் வந்த அன்றே உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, ஒருமை பன்மை சரி, சொல்லப்பட்டதும் உண்மை. அதைத் திருத்தக் கை வரவில்லை. சரி என்று எழுதி அனுப்பவும் கை வரவில்லை. அதற்குள் நீங்கள் இன்னொரு கடிதம் போட மாட்டீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போட மாட்டீர்கள் என்றும் தெரிந்தது.

முந்தாநாள் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "இன்னாடா, அந்தாளு தெருக்கோடிக்கே பூட்டாரு, இன்னும் நின்னுக்கினு கீற? நாஷ்டா வெச்சது வெச்சபடி கீது. எப்பப் பாத்தாலும் அந்தப் பொண்ணு ஞாபகமாவே கீறியே."

சொல்லிவிட்டு அம்மா பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அம்மா என் முன்னால் ஞாபகம் என்ற சொல்லை வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. "ஆமாம்மா, அப்படித்தான் கீறேன்" என்றேன். அம்மா அழுதார். எனக்கும் வந்துவிட்டது.

எத்தனையோ புரூஃப் பார்த்தவன், எனக்கு இது தோன்றவே இல்லை. நடந்தது மனசில் இருந்தாலும் ஞாபகம் என்கிறோம். ஒருத்தரைப் பார்க்காமல் இருக்க முடியாவிட்டாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். முதலாவது என்னிடம் இல்லை. டாக்டர் தலைக்குள் படம் எடுத்துத் தேடியது அதைத்தான். இரண்டாவதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வராத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை, பம்புசெட் வரை நடந்துவிட்டு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஆகவே உங்கள் வாக்கியத்தின் முதல் பாதியை நான் தொடவில்லை. இரண்டாம் பாதியில் பிழை இருக்கிறது. திருத்தம் இது:

‘எனக்கு உங்கள் ஞாபகம் இல்லை. உங்கள் ஞாபகமாகவே இருக்கிறேன்.’

மாமாவிடம் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப பூடு, ஊட்டுக்குப் போய்ச் சேரு" என்றார். அவருக்கும் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

போன மூன்று வருஷம் திரும்பி வரும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னும் ‘நீங்கள்’ என்றுதான் கை எழுதுகிறது, அதற்கும் நீங்கள் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் மரியாதையோடுதான் சொல்வேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் மின்சார ரயில் ஏறி செவ்வாப்பேட்டையில் இறங்குகிறேன். ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது. நீங்கள் பிளாட்பாரத்துக்கு வந்து நில்லுங்கள். உங்களை எனக்கு அடையாளம் தெரியும்.

பரத்